வளரிளம் பருவத்தினரின் போதை நோய்: மருந்தை ஏன் தள்ளிப்போடுகிறோம்?

சென்னை, கோவை போன்ற நகரங்களில் வலி நிவாரணி மாத்திரைகள் பெட்டி பெட்டியாகப் பிடிபடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். பிடிபடுவது பெரும்பாலும் டாபென்டடால். கடுமையான வலிக்கு, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே தரவேண்டிய அபின் வகை மாத்திரை அது. பிள்ளைகள் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். எத்தனை ஆயிரம் மாத்திரை, எத்தனை பேர் கைது, எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். அந்த ஊசிக்கு அடிமையாகிப்போன 16 வயதுப் பையனுக்கு அடுத்து என்ன சிகிச்சை என்பது மட்டும் இருக்காது. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது, அந்தப் பதிலை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அபின் வகைப் போதைக்கு அடிமையான வளரிளம் பருவத்தினருக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை, மற்ற எல்லாம் தோற்ற பிறகு கடைசியாக எடுக்கும் ஆயுதமாக வைத்திருப்பது தவறு. சிகிச்சை அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைப்பவர்கள், மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வைப் பார்க்கவேண்டும். 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம், கஞ்சா பயன்படுத்துவோர் 0.9 சதவீதம். அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 1.8 சதவீதம். அபின், ஹெராயின், வலி நிவாரணி மாத்திரைகள் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடும் என்பது உண்மைதான். ஆனாலும் தேசிய அளவில், பிள்ளைகளிடையே மதுவைவிட அபின் வகைப் பழக்கம் அதிகம் என்ற இந்த எண் நம் பொதுப் பேச்சில் ஒருமுறைகூட அடிபடாதது கவலைக்குரியது.

இப்போது நடப்பது என்ன? பையனின் கையில் ஊசித் தடத்தைப் பார்த்துவிடும் குடும்பம் முதலில் அதை மறைக்கிறது. பிறகு அடி, அழுகை, சத்தியம், கோயில், கயிறு. எதுவும் பலிக்காதபோது யாரோ சொன்ன மறுவாழ்வு இல்லத்தில் ஒரு மாதமோ மூன்று மாதமோ விட்டுவிடுகிறார்கள். உள்ளே போதைப்பொருள் கிடைக்காது, ஆகவே பையன் அதைத் தொடாமல் இருக்கிறான். உடம்பு தேறுகிறது, முகம் தெளிகிறது, வீட்டுக்கு வருகிறான். குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நாளில்தான் அவன் உயிருக்கு ஆபத்து அதிகமாகிறது. காரணம் எளிமையானது. தினமும் எடுத்துக்கொண்டிருந்தவரை அவன் உடல் அந்த அளவைத் தாங்கப் பழகியிருந்தது. ஒரு மாதம் விட்டதில் தாங்கும் திறன் போய்விட்டது, ஆசை மட்டும் போகவில்லை. பழைய கூட்டாளியைப் பார்த்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். அபின் வகைப் பொருள் மூளையில் மூச்சை ஆளும் பகுதியை அடக்கிவிடும். அவன் தூங்குவதுபோலக் கிடப்பான், மூச்சு நின்றுபோகும். புப்ரெனார்ஃபினைப் போலவே இந்த நோய்க்குத் தரப்படும் மெத்தடோன் மருந்தால் சிகிச்சை பெற்ற பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும், சிகிச்சையை விட்டு வெளியேறிய முதல் நான்கு வாரங்களில் மரணம் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. மருந்தில்லாமல் விட வைத்து வீட்டுக்கு அனுப்புவதை எச்சரிக்கையான வழி என்று நாம் நினைக்கிறோம். எச்சரிக்கையற்ற வழியே அதுதான்.

மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே என்பவர்கள், விடும்போது உடம்பு படும் பாட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்க்கவேண்டும். கடைசி ஊசி போட்டு அரை நாள் ஆனதும் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். கண்மணி விரியும், மயிர்க்கூச்செறியும். அப்புறம் வயிற்றைப் பிசையும், பேதியாகும், கை கால் குடைச்சல் எடுக்கும், காலை ஓரிடத்தில் வைக்க முடியாமல் விடிய விடிய உதறிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். ஆனால் தூக்கமின்மையும் வெறுமையும் நச்சரிப்பும் மாதக்கணக்கில் நீளும். எதிர்காலத்தை எடைபோட்டு இன்றைய ஆசையை அடக்கும் மூளைப்பகுதி முழுமையாக முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். பெரியவர்களே தோற்றுப்போகும் இடத்தில் பத்தாம் வகுப்புப் பையனை வெறும் வைராக்கியத்தோடு நிறுத்துகிறோம்.

புப்ரெனார்ஃபின் செய்வது இதுதான். ஹெராயினும் வலி நிவாரணிகளும் போய் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பியில் இதுவும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதை முழு வேகத்தில் முடுக்காமல், பாதியளவில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பு கேட்பது கிடைத்துவிடுவதால் குடைச்சலும் நச்சரிப்பும் அடங்கும். ஓரளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் போதையும் கூடாது, மூச்சடக்கமும் அதற்கேற்பக் கூடாது. மேலே வேறு ஊசி போட்டாலும் இடம் பிடிபட்டிருப்பதால் அது பெரிதாக ஏறாது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடவேண்டும். ஐந்து பத்து நிமிடம் பேசாமல், விழுங்காமல், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். முதல் மாத்திரையைக் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிய பிறகுதான் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே கொடுத்தால், உடம்பில் இருக்கும் போதைப்பொருளை இது தள்ளிவிட்டு, படக்கூடாத பாட்டை ஒரே மணி நேரத்தில் பட வைத்துவிடும். அப்படி ஒரு தடவை அவதிப்பட்ட பிள்ளை மருந்தின் பக்கமே திரும்பாது. இது தெரிந்த மருத்துவர் கையில் தொடங்கவேண்டிய சிகிச்சை என்பதற்கு இந்த ஒன்றே போதும். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி கிடைத்தபோதே 16 வயது நிரம்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். புப்ரெனார்ஃபினையும் மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

இளையோரிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் உள்ளவை சொல்வது தெளிவாக இருக்கிறது. அவற்றில் முக்கியமானது, அமெரிக்காவின் ஆறு சிகிச்சை மையங்களில் நடந்து, 2008-இல் ஜாமா இதழில் வெளியானது. ஹெராயினுக்கோ வலி நிவாரணி மாத்திரைகளுக்கோ அடிமையான, 15 முதல் 21 வயது வரையுள்ள 152 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 14 நாள் மட்டும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். மற்றதற்கு ஒன்பது வாரம் மருந்து, அதன்பின் குறைத்து 12-ஆம் வாரத்தில் நிறுத்தம். இரு பிரிவினருக்கும் தனியாகவும் குழுவாகவும் கவுன்சலிங் ஒரே அளவில் கிடைத்தது. நான்காம் வாரம் சிறுநீரைச் சோதித்தபோது, குறுகிய மருந்துப் பிரிவில் 61 சதவீதத்தினர் போதைப்பொருள் எடுத்திருந்தனர். நீண்ட பிரிவில் 26 சதவீதம். எட்டாம் வாரம் 54-க்கு 23. பன்னிரண்டு வாரமும் சிகிச்சையில் நிலைத்தவர்கள் குறுகிய பிரிவில் ஐந்தில் ஒருவர், நீண்ட பிரிவில் பத்தில் ஏழு பேர்.

இந்த ஆய்வின் கடைசி எண்ணைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வாரத்தில், அதாவது நீண்ட பிரிவினருக்கும் மருந்தைக் குறைத்து முடித்த கட்டத்தில், போதைப்பொருள் எடுத்தவர்கள் 51-க்கு 43 சதவீதம் என்று ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள். மருந்தால் பயனில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் இதை நேர் எதிராகப் படிக்கிறேன். மருந்து கையில் இருந்தவரை நல்லபடியாக இருந்தவர்கள், மருந்து போனதும் சறுக்கினார்கள். அப்படியானால் குறை மருந்தில் இல்லை, சீக்கிரம் நிறுத்தியதில் இருக்கிறது. ஒன்பது வாரமே போதாது என்று இந்த எண் சொல்லும்போது, நாம் ஒரு வாரத்து உடல் தேறலையே குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம்.

கவுன்சலிங் மட்டும் போதும் என்ற கருத்துக்கும் இந்த ஆய்வே பதில் சொல்கிறது. இரு பக்கமும் கவுன்சலிங் இருந்தது, வேறுபட்டது மருந்து மட்டுமே. இதற்காகக் கவுன்சலிங் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. பையன் ஏன் ஊசியைத் தேடினான், வீட்டில் என்ன நடக்கிறது, பள்ளியை எப்படி மறுபடி பிடிப்பது, மனச்சோர்வோ கவனக்குறைபாடோ அடியில் இருக்கிறதா என்பவை எல்லாம் பேசித்தான் தெரியவேண்டும். ஆனால் பேசுவதற்குப் பிள்ளை அறைக்குள் வந்து உட்காரவேண்டும். அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த 13 முதல் 22 வயது வரையுள்ளவர்களைக் கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், கவுன்சலிங் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 67 நாளுக்குள் சிகிச்சையை விட்டுவிட்டார்கள். புப்ரெனார்ஃபினும் பெற்றவர்களிடம் அந்தக் கணக்கு 123 நாள். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் பிள்ளையிடம் பேச முடியும்.

மருந்து இருந்தும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்காவே காட்டுகிறது. அங்கே 2016-இலேயே குழந்தை மருத்துவர்களின் தேசியக் கழகம், கடுமையான அபின் வகைப் போதை நோய் உள்ள வளரிளம் பருவத்தினருக்கு மருந்துச் சிகிச்சை அளிப்பதைப் பரிசீலிக்குமாறு குழந்தை மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அடுத்த ஆண்டு வெளியான ஆய்வொன்று, நோய் கண்டறிந்த ஆறு மாதத்துக்குள் மருந்து பெற்றவர்கள் 16, 17 வயதினரில் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று காட்டியது. 15 வயதும் அதற்குக் கீழும் நூற்றில் ஓரிருவரே. மெத்தடோன் விதி இன்னும் மோசமாக இருந்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால், ஓராண்டுக்குள் இரண்டு முறை மருந்தில்லாச் சிகிச்சையிலோ குறுகிய விடுவிப்புச் சிகிச்சையிலோ தோற்றதற்கு ஆவணம் காட்டியாகவேண்டியிருந்தது. தோற்றுவிட்டு வா, பிறகு மருந்து தருகிறோம் என்று ஒரு சட்டமே குழந்தையிடம் சொன்னது. தோற்பது என்றால் அங்கே ஃபென்டனில் என்ற வீரியமிக்க அபின் வகைப் பொருள் கலந்த மாத்திரையை மறுபடி விழுங்குவது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களின் மிகையளவு மரணங்களின் எண்ணிக்கை 2019-இல் 492 ஆக இருந்தது, 2020-இல் 954 ஆனது. அந்த ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் கூடவில்லை, பொருளின் வீரியமே கூடியது. இரண்டு முறை தோற்கவேண்டும் என்ற அந்த விதியை 2024-இல்தான் நீக்கினார்கள். நம் நாட்டில் அப்படி எழுதப்பட்ட விதி தேவைப்படவில்லை. குடும்பமும் இல்லங்களும், சில சமயம் மருத்துவர்களும், அதே விதியைத் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையைக் கொடுப்பதா என்ற கேள்வி பெற்றோரிடம் முதலில் எழும். நியாயமான பயம் அது. மருந்தும் அபின் வகையைச் சேர்ந்ததுதான், நிறுத்தினால் உடம்பு கொஞ்சம் படுத்தும் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் போதை நோய் என்பது உடம்பு ஒன்றுக்குப் பழகிவிடுவது மட்டுமல்ல. திருடுவது, பொய் சொல்வது, பள்ளியை விடுவது, அழுக்கு ஊசியைப் பகிர்ந்து எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் வாங்கிக்கொள்வது, அடுத்த ஊசியைத் தவிர எதையும் நினைக்க முடியாமல் போவது, இவையெல்லாம் சேர்ந்ததே நோய். சரியான அளவில் மருந்து எடுக்கும் பையனுக்குப் போதை ஏறாது. அவன் காலையில் எழுந்து பள்ளிக்குப் போவான், மாலையில் விளையாடுவான், இரவு தூங்குவான். அவன் அம்மாவுக்கு இந்த வேறுபாடு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

வளரும் மூளைக்கு இது தீங்கு செய்யாதா, வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டுமா என்பவை அடுத்த கேள்விகள். வளரிளம் பருவத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் போதிய அளவு இல்லை, அவை வேண்டும். ஆனால் போதையே தொடாத பிள்ளையோடு இவனை ஒப்பிடுவது பொருந்தாது. அவன் முன்னால் இருப்பவை இரண்டே: மருத்துவர் அளந்து தரும் மருந்து, அல்லது அளவே தெரியாத ஊசியும் அவ்வப்போது மூச்சடங்கி ஆக்சிஜன் எட்டாமல் போகும் மூளையும். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கில், புப்ரெனார்ஃபின் எடுக்கும் காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 4.3 மரணங்கள், நிறுத்தியபின் 9.5. எவ்வளவு காலம் என்பதற்கு நாம் ஏற்கெனவே பழகிய ஒரு நடைமுறையே வழிகாட்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு மருந்தைத் தொடங்கும் நரம்பியல் மருத்துவர், வலிப்பே வராமல் இரண்டு ஆண்டு போன பிறகுதான் மெதுவாகக் குறைக்கப் பார்ப்பார். எந்தப் பெற்றோரும் முதல் மாதத்திலேயே நிறுத்தச் சொல்லி வற்புறுத்துவதில்லை. இங்கும் அந்தப் பொறுமை வேண்டும். பள்ளி, தூக்கம், நட்பு, வீடு எல்லாம் நிலைப்பட்ட பிறகு, பையனின் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சிலருக்கு ஆண்டுகள் ஆகும்.

மருந்து கைமாறிக் கள்ளச்சந்தைக்குப் போகும் என்ற பயத்தை நானும் மதிக்கிறேன். இது மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கும் பொருளாக இருக்கக்கூடாது. வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். தொடக்கத்தில் மருத்துவமனையிலும், பிறகு வீட்டில் தாயோ தந்தையோ கண்முன்னாலும், நாக்கடியில் கரைந்து முடியும்வரை பார்த்துக் கொடுக்கலாம். ஊசிவழி எடுத்தால் குடைச்சலைத் தூண்டிவிடும் நலாக்சோனோடு சேர்த்தும் இந்த மாத்திரை கிடைக்கிறது. மீதியைப் பூட்டி வைக்கவேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதில் கவனம் பிசகவே கூடாது, ஒரு மாத்திரைகூட அக்குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் இது சேரக்கூடாது.

மருந்தின் எல்லையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் போதைக்கும் ஒரு மாத்திரை உண்டு என்ற பொய்யான நம்பிக்கை பரவும். எப்போதோ ஒருமுறை மாத்திரையைத் தொட்டுப்பார்த்த பிள்ளைக்குப் புப்ரெனார்ஃபின் தேவையில்லை. நோய் முற்றியிருக்கிறதா என்று மருத்துவர் கண்டறிந்த பிறகே அந்தப் பேச்சு. கஞ்சாவை விட வைக்க நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. பசை, தின்னர் முகரும் பழக்கத்துக்கும் இல்லை. மேலே சொன்ன தேசிய ஆய்வில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இரு மடங்காக இருந்த ஒரே பழக்கம் இந்த முகர்தல்தான் என்பது நெஞ்சைச் சுடுகிறது. புகையிலையில் புது நம்பிக்கை தெரிகிறது. மின்சிகரெட்டை விட விரும்பிய 16 முதல் 25 வயதினர் 261 பேரிடம் வரெனிக்லின் மாத்திரையைச் சோதித்து 2025-இல் வெளியிட்டார்கள். சிகிச்சையின் கடைசி நான்கு வாரங்கள் தொடாமல் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 51 சதவீதம், போலி மாத்திரைப் பிரிவில் 14. நம் பள்ளிகளில் மின்சிகரெட்டைவிடக் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம்தான் பெரிய தொல்லை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-இல் அதைப் பற்றிக் கவலை தெரிவிக்கும் அளவுக்கு. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைக்கு இந்த முடிவு பொருந்துமா என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளே சோதித்துப் பார்க்கலாம், பார்க்கவேண்டும்.

அபின் வகைக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. மருந்து இந்தியாவிலேயே தயாராகிறது. பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளி மையங்களில் இதைக் கொடுத்துவருகிறது. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. தானாக முன்வந்து சிகிச்சை பெறும் நோயாளியைச் சிறு அளவுக் குற்றங்களுக்கான வழக்கிலிருந்து காக்கும் 64-ஏ பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் போலீசுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்துவைக்கும் பெற்றோருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. போதை நோயையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரை அனுமதிப்பது விதிவிலக்காகவே இருக்கவேண்டும், அப்போதும் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது, பொறுப்பாளரோ அவர் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்கவேண்டும் என்கிறது. பையனைக் குடிநோயாளிகளோடு ஒரே கூடத்தில் அடைத்து, மாதக்கணக்கில் தாயைப் பார்க்க விடாத இல்லங்கள் இந்தச் சட்டத்தை மீறுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளில் வளரிளம் பருவத்தினருக்கென வாரம் ஒரு நாள் தனிப் புறநோயாளிப் பிரிவையும், மருந்தைத் தொடங்கப் பயிற்சி பெற்ற மருத்துவரையும் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தினால், தொடங்குவதற்கு அதுவே போதும்.

அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, எந்த நாட்டுப் பெற்றோருக்கும் பயன்படும். ஆய்வாளர்கள், ஃபென்டனில் மிகையளவில் சாவின் விளிம்புக்குப் போய் வந்த 16 வயதுப் பிள்ளையின் அத்தையாகவோ மாமாவாகவோ நடித்து, வளரிளம் பருவத்தினரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் 160 மையங்களுக்குப் போன் செய்தார்கள். புப்ரெனார்ஃபின் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றவை நான்கில் ஒன்றுதான். நம் ஊரில் பிள்ளைக்கு இடம் தேடும் தாயும் தகப்பனும் சேர்க்கும் முன்பே இதே கேள்வியைக் கேட்கவேண்டும்: மனநல மருத்துவர் பார்ப்பாரா, என்ன மருந்து, வீட்டுக்கு வந்த பிறகும் மருந்து தொடருமா, யார் தருவார்கள்? மருந்தெல்லாம் கிடையாது, கட்டுப்பாடு மட்டும்தான் என்று பதில் வந்தால், அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வரக்கூடாது.